கார்ட்டை ஏன் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பி.சி.ஏ. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கல்லூரிக் காலத்தில் செய்தவை ஒரு டு-டு லிஸ்ட், கால்குலேட்டர், வானிலை ஆப், பிரபல ஓடிடி தளம் ஒன்றின் நகல். காசு வாங்கிச் செய்தவை மூன்று: ஊரில் ஒரு ரைஸ் மில்லுக்கு வெப்சைட், நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்குப் பட்டறைக்கு வெப்சைட், சென்னை ஏஜென்ஸி ஒன்றுக்குச் செய்துகொடுத்த பதிவுப் படிவம். மில்காரர் டொமைனை, அதாவது இணைய முகவரியை, புதுப்பிக்காததால் அந்தத் தளமே இப்போது இல்லை. ஏஜென்ஸி, வெளியில் காட்டக் கூடாது என்கிறது. பட்டறைக்காரர், தளத்தில் போட்டுக்கொடுத்த கார்ட்டை, அதாவது பொருளைச் சேர்த்து வாங்கும் கூடையை, எடுக்கச் சொல்லிவிட்டார். "அண்ணா, செய்த வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் எதைப் போடுவது, எதை விடுவது? எல்லாவற்றையும் சேர்த்தாலும் பக்கம் காலியாகத் தெரிகிறது" என்கிறார்.

தம்பி, நான் கும்பகோணத்தில் பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் வேலையைக் காட்டி வேலை பிடித்ததும் உண்டு, கை போதாமல் மற்றவர்களின் போர்ட்ஃபோலியோவைப் பார்த்து ஆள் எடுத்ததும் உண்டு. இரண்டாவதில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போனில் திறப்பேன். ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே பெரிய எழுத்தில் "வணக்கம், நான் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்". கீழே திறமைகளுக்குச் சதவீதப் பட்டை, ஜாவாஸ்கிரிப்ட் 85, சிஎஸ்எஸ் 90. எதில் 90 என்று போட்டவருக்கே தெரியாது. அதற்கும் கீழே டு-டு லிஸ்ட், வானிலை ஆப், ஓடிடி நகல். வலங்கைமான் பையனுடையதும் அதுதான், பாபநாசம் பெண்ணுடையதும் அதுதான். பழகுவதற்கு அப்படிச் செய்வதில் தப்பே இல்லை, நானும் அப்படித்தான் பழகினேன். ஆனால் அதில் உங்களை எங்கே தேடுவது? என்ன நிறம், எந்தப் பொத்தான், எங்கே தரவு, எல்லாவற்றையும் யூடியூப் வீடியோக்காரர் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார்.

ஆள் எடுக்கிறவர் பார்ப்பது அந்தத் தீர்மானங்களைத்தான். குழப்பமான ஒரு நிலைமை வந்தது, இவர் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தார், ஏன் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லத் தெரிகிறது. இது மூன்று இடத்தில் தெரிந்தால் போதும். அதனால் டு-டு லிஸ்ட், கால்குலேட்டர், வானிலை ஆப், ஓடிடி நகல் எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நகல் தளத்தில் அந்த நிறுவனத்தின் லோகோவும் படப் போஸ்டர்களும் இருந்தால் அது வேறு வம்பு.

உங்கள் கேள்வியில் குறையாகச் சொன்ன ஒரு விஷயம் இருக்கிறதே, பட்டறைக்காரர் கார்ட்டை எடுக்கச் சொன்னது, உங்களிடம் இருப்பதிலேயே நல்ல சரக்கு அதுதான்.

நாச்சியார்கோவில் விளக்கு புவிசார் குறியீடு பெற்றது, வெளியூர்க்காரர்கள் தேடி வாங்குவது. ஆன்லைன் கடை என்றதும் யாருக்கும் கார்ட் போடத்தான் தோன்றும். பட்டறை வியாபாரம் அப்படி நடக்காது. விளக்கு எடைக்கு விற்கிறது, பித்தளை விலை ஏறி இறங்குகிறது. மண்ணில் அச்செடுத்து வார்த்து, அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே பிரபை என்று தனித்தனியாகக் கடைந்து சேர்க்கிறார்கள். ஒரே உயரத்தில் இரண்டு விளக்கை நிறுத்தினாலும் தராசில் ஒன்றாக நிற்காது. "விலை ரூ. இவ்வளவு, கார்ட்டில் சேர்" என்று எழுதிவிட்டால் அடுத்த மாதம் அந்த விலைக்குக் கொடுக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. கல்யாணச் சீருக்கு வாங்க வருகிறவர் எப்படியும் பேசித்தான் வாங்குவார். இதையெல்லாம் புரிந்துகொண்டு கார்ட்டை எடுத்துவிட்டு என்ன வைத்தீர்கள்? நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்தேன், ஒவ்வொரு விளக்குக்கும் கீழே வாட்ஸ்அப் பொத்தான். அதைத் தொட்டால் விளக்கின் பெயரும் உயரமும் ஏற்கெனவே தட்டச்சாகி வருகிறது. பிரமாதம். இதை வைத்துக்கொண்டா பக்கம் காலி என்கிறீர்கள்?

இப்போது அந்தப் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது: "நவீனத் தொழில்நுட்பத்தில் உருவாக்கப்பட்ட அழகிய ரெஸ்பான்சிவ் இ-காமர்ஸ் தளம்." அழித்துவிடுங்கள். இப்படி எழுதலாம்:

"குத்துவிளக்குப் பட்டறை, நாச்சியார்கோவில். முதலில் விலை போட்டு கார்ட் வைத்தேன். விளக்கு எடைக்கு விற்பதாலும் பித்தளை விலை மாறுவதாலும் அது உதவவில்லை. கார்ட்டை எடுத்துவிட்டு, விளக்கின் பெயர், உயரத்தோடு வாட்ஸ்அப்பில் விசாரிக்கும் பொத்தான் வைத்தேன். வடிவமைப்பும் புரோகிராம் கோடும் என்னுடையவை. படங்கள் பட்டறையில் எடுத்தவை. புது விளக்கு சேர்க்க இன்னமும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர்களே சேர்க்கும்படி ஒரு எளிய படிவம் அடுத்த வேலை."

கடைசி வரியைப் பார்த்துத் தயங்காதீர்கள். இன்னும் சரியாகாததைச் சொல்கிறவரிடம்தான் எனக்கு நம்பிக்கை வரும். "விற்பனை 300 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதுகிறவரிடம் எப்படி அளந்தீர்கள் என்று கேட்டால் விழிப்பார். உங்களால் அளக்க முடிந்ததை மட்டும் போடுங்கள். பக்கம் திறக்கும் வேகத்தை அளக்கும் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில், படங்களைச் சுருக்குவதற்கு முன்னும் பின்னும் வந்த எண்களைப் போடலாம். பக்கத்தின் பெரிய படமோ தலைப்போ 2.5 விநாடிக்குள் தெரிவது நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் கணக்கு. போன் கேமராவில் எடுத்த நாலு எம்பி விளக்குப் படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் அதை எட்டவே முடியாது. வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் திரைக்குத் தேவையான அகலத்துக்குச் சுருக்கினால் நூறு, இருநூறு கேபிக்குள் அடங்கிவிடும்.

சரி, ரைஸ் மில். செத்துப்போன லிங்க்கை மட்டும் வைக்காதீர்கள். நான் பட்ட பாடு சொல்கிறேன். ஒரு காலத்தில் என் பக்கத்தில் இருபத்திரண்டு தளங்களின் படங்கள் வரிசையாக இருந்தன, எண்ணிக்கைதான் பெருமை என்று நினைத்திருந்தேன். திருவாரூர் பக்கம் ஒரு பள்ளித் தாளாளரிடம் வேலை பேசப் போனேன். அவர் தன் போனிலேயே என் பக்கத்தைத் திறந்து, ஒரு கல்யாண மண்டபத்தின் படத்தைத் தொட்டார். மண்டபக்காரர் டொமைனை விட்டுவிட்டார் போலிருக்கிறது. யாரோ அதை எடுத்து ரம்மி விளம்பரம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தாளாளர் போனைத் திருப்பி எனக்குக் காட்டி, "இதுவும் நீங்க செஞ்சதா தம்பி?" என்றார். டம்ளரில் பாதிக் காபி இருந்தது, குடிக்கவே தோன்றவில்லை. அந்த வேலையும் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி ஒவ்வொரு லிங்க்காகத் தொட்டுப் பார்த்தேன், ஏழு போயிருந்தது.

அதற்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம். தளத்தை ஒப்படைக்கும் அன்றே முழுப் பக்கப் படங்கள், போனில் ஓடும் நாற்பது விநாடி வீடியோ, கோடின் ஒரு பிரதி, மூன்றையும் எடுத்து வைத்துவிடுவேன். உங்களிடம் மில் தளத்தின் கோப்புகள் இருந்தால், மில்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உங்கள் டொமைனுக்குக் கீழேயே ஒரு பிரதியைப் போடுங்கள். "இது பழைய தளத்தின் பிரதி" என்று மேலே தெளிவாக எழுதிவிட்டு, தொடர்புப் படிவத்தையும் போன் நம்பரையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு யாராவது அரிசி மூட்டை கேட்டு போன் செய்வார்கள். சாதாரண எச்டிஎம்எல் பக்கம்தான் என்றால் கோட் வைக்கும் தளமான கிட்ஹப்பின் பேஜஸ் சேவையில் செலவில்லாமல் வைக்கலாம், ஒரு தளத்துக்கு 1 ஜிபி வரை இடம் கொடுக்கிறார்கள். கோப்பே இல்லை என்றால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். சின்னத் தளங்களும் சில சமயம் அகப்படும்.

ஏஜென்ஸி வேலைக்கு வருகிறேன். இங்கே சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பு வகையில் சேரும். ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது எழுதிய கோட், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சொந்தம். சம்பள ஆளாக இல்லாமல் தனியாக எடுத்துச் செய்தால் எழுதியவரே முதல் உரிமையாளர். அதை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். இதைப் படித்துவிட்டு "கோட் என்னுடையது, நான் காட்டுவேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். ரகசியம் காக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அது தனிக் கட்டுப்பாடு, உரிமை உங்களுடையதாக இருந்தாலும் அது உங்களைப் பிடிக்கும். முதலில் அந்தத் தாளை எடுத்து ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். அப்புறம் ஏஜென்ஸிக்கு மெயில் போடுங்கள்: "கிளையண்ட் பெயர் இல்லாமல், படம் இல்லாமல், 'பல பக்கப் பதிவுப் படிவம் செய்தேன்' என்று ஒரு வரி எழுதலாமா?" இதற்குப் பெரும்பாலும் சரி என்றுதான் பதில் வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். அதில் கற்ற நுட்பத்தை உங்கள் சொந்தத் தரவில், புதிதாக எழுதிக் காட்டலாம், அவர்களுடைய கோடிலிருந்து ஒரு வரிகூட எடுக்காமல்.

எதைக் காட்டினாலும் நிஜ மனிதர்களின் பெயரும் போன் நம்பரும் ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கக் கூடாது. அட்மின் பக்கத்தின் படத்தில் வாடிக்கையாளர் பட்டியல் அப்படியே தெரிவதை நான் எத்தனையோ போர்ட்ஃபோலியோவில் பார்த்திருக்கிறேன். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டமே வந்துவிட்டது. அது இருக்கட்டும், என் கிளையண்டின் தரவை இவர் நாளைக்கு இப்படித்தான் வைப்பார் என்று பார்க்கிறவருக்குத் தோன்றிவிடும். கற்பனைப் பெயர்களைப் போட்டுப் படம் எடுங்கள். இனிமேல் எடுக்கும் வேலைகளுக்கு கொட்டேஷனிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "முடித்த வேலையை என் போர்ட்ஃபோலியோவில் காட்ட அனுமதி உண்டு." ஆரம்பத்தில் யாரும் மறுப்பதில்லை. இரண்டு வருடம் கழித்துக் கேட்டால்தான் யோசிப்பார்கள்.

அடுத்தது சொந்த புராஜெக்ட். கிளையண்ட் வேலை உங்களை நம்பிப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில். சொந்த வேலை, யாரும் கேட்காதபோது இவருக்கு என்ன தோன்றுகிறது என்பதற்குப் பதில். வானிலை ஆப்பைத் தூக்கச் சொன்னேன் அல்லவா, அதே உழைப்பில் நம் ஊருக்கு ஒன்று செய்யலாம். டெல்டாவில் பேப்பர் வந்ததும் முதலில் பார்ப்பது எது? மேட்டூர் நீர்மட்டம். 1934-இல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. இன்றைய மட்டம், நேற்றைக்கு எவ்வளவு, வரத்து, திறப்பு, நாலு எண்களை ஒரு பக்கத்தில் காட்டினால் போதும். கேட்க எளிது. செய்யப் போனால்தான் கேள்விகள் வரும். இன்றைய எண் இன்னும் வரவில்லை என்றால் என்ன காட்டுவீர்கள்? நேற்றைய எண்ணைத் தேதி போடாமல் காட்டினால் பொய். எண்ணுக்குப் பதில் வெறும் சிறுகோடு காட்டினால் பயனில்லை. குறுவைக்குத் தண்ணீர் திறக்க இன்னும் எத்தனை நாள் என்று ஒரு கணக்கு வைக்க ஆசை வரும், வழக்கமான தேதி ஜூன் 12 என்று கோடில் எழுதிவிடுவீர்கள். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தது. அந்தத் தேதியை எங்கே, எப்படி வைப்பது என்று யோசித்து முடிவெடுக்கிறீர்களே, அதை, கோடோடு வைக்கும் அறிமுகக் குறிப்பான ரீட்மீயில் ஆறு வரி எழுதுங்கள். அந்த ஆறு வரியைப் படித்தே நான் ஆளைக் கூப்பிடுவேன்.

வானிலை ஆப்பைக் கிட்ஹப்பில் பொதுவில் வைத்திருக்கிறீர்கள், அதன் ஏபிஐ கீ, அதாவது தரவு வாங்கும் ரகசியச் சாவி, கோடுக்குள்ளேயே இருக்கிறது, பார்த்தேன். அந்த வரியை அழித்துப் புது கமிட் (மாற்றத்தின் பதிவு) போட்டால் போகாது, பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். கீயையே ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

தமிழில் வேலை செய்யத் தெரியும் என்பதும் ஒரு சரக்குதான், நம் ஊர்ப் பிள்ளைகள் அதைக் காட்டுவதே இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். முன்பு ஒரு கிளையண்டுக்கு ஊர்வாரியாக டீலர் பட்டியல் செய்தேன். அகர வரிசையில் அடுக்கினால் மயிலாடுதுறைக்கு முன்னால் மன்னார்குடி வந்து நின்றது. நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி எழுத்து, யகரம் அதற்கு வெகு முன்னால். கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு வைத்திருக்கும் யூனிகோடு எண்வரிசையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண சார்ட், அதாவது வரிசைப்படுத்தும் கட்டளை, அந்த எண்ணைத்தான் பார்க்கும். மொழிக்கேற்ப அடுக்கும் Intl.Collator-இல் தமிழ் என்று மொழியைக் கொடுத்ததும் மயிலாடுதுறை முன்னால் வந்துவிட்டது.

அதே பட்டியலில் இன்னொன்று. தேடல் பெட்டியில் கொரடாச்சேரி என்று அடித்தால் ஒன்றும் வரவில்லை. பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். பட்டியல், பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பிலிருந்து மாற்றியது. மாற்றிக் கொடுத்த கருவி 'கொ'-வை ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டாக வைத்துவிட்டது. போனில் அடிக்கும்போது ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டே துண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. பட்டியலையும் தேடும் சொல்லையும் நார்மலைஸ் செய்து, பிரிந்த துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் கொரடாச்சேரி கிடைத்தது. சரிசெய்தது ஒரே வரி. இந்தக் கதையைப் படத்தோடு என் பக்கத்தில் போட்டேன், அதைப் படித்துவிட்டு ஒரு பதிப்பகக்காரர் கூப்பிட்டார்.

பக்கம் தமிழிலா ஆங்கிலத்திலா? சென்னை, பெங்களூர் கம்பெனிக்கு விண்ணப்பம் போடுவதற்கு ஆங்கிலம். தஞ்சாவூர் மினி டைடல் பூங்காவில் இருக்கும் கம்பெனிகளுக்கும் அதுவே. பட்டறைக்காரர், மில்காரர், மண்டபக்காரருக்குத் தமிழ்ப் பக்கம். ஆங்கிலத்தை மெஷினில் போட்டு எடுக்காமல் தனியாக எழுதுங்கள், தமிழ்ச் சொல் நீளம் என்பதால் பொத்தானுக்கு வெளியே வழிகிறதா என்றும் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனிலேயே நல்ல தமிழ் எழுத்துரு இருக்கிறது, அழகுக்காக நாலைந்து எழுத்துருவை ஏற்றிப் பக்கத்தைக் கனமாக்க வேண்டாம். வரிசையும் ஆளைப் பொறுத்துத்தான். வேலை தேடினால் மேட்டூர் பக்கமும் அதன் கோடும் மேலே, கிளையண்ட் தேடினால் விளக்குப் பட்டறை மேலே. டொமைன் உங்கள் பெயரில் ஒரு டாட் இன் போதும். டாட் இந்தியா என்று தமிழிலேயே முகவரி வாங்கலாம், எனக்கும் ஆசைதான், ஆனால் போனில் ஒருவருக்கு வாயால் சொல்லி அடிக்கவைத்துப் பாருங்கள், ஆசை தணிந்துவிடும்.

ஆக, விளக்குப் பட்டறை, மில் தளத்தின் பிரதி, மேட்டூர் பக்கம், அனுமதி வந்தால் ஏஜென்ஸி பற்றி ஒரு வரி. நாலுதான். முதலில் பட்டறைப் பக்கத்தை முடியுங்கள். அதற்குமுன் நாச்சியார்கோவிலுக்கு ஒரு நடை போய்ப் படங்களை மறுபடி எடுத்து வாருங்கள், வெயில் ஏறுவதற்கு முன்னால், பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தப் பெரிய விளக்கின் தட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்தபடி நீங்கள் நிற்பது தெரிகிறது.